சங்கத்தின் பெயரில் ஒரு கையெழுத்து

1997 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்க மருத்துவச் சங்கம் ஒரு வணிக ஒப்பந்தத்தை அறிவித்தது. சன்பீம் என்ற வீட்டுச் சாதன நிறுவனம் தயாரிக்கும் ரத்த அழுத்தமானி, தெர்மாமீட்டர், மின்சார ஒத்தடப் பட்டை, ஆவி பிடிக்கும் கருவி, எடை இயந்திரம் போன்றவற்றின் அட்டைப்பெட்டிகளில் இனிச் சங்கத்தின் பெயரும் சின்னமும் இருக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு அந்த வகைச் சாதனங்களில் வேறெந்த நிறுவனத்துக்கும் அந்தச் சின்னம் தரப்படாது. விற்பனையிலிருந்து சங்கத்துக்கு ராயல்டி வரும். அந்தச் சாதனங்களைச் சங்கம் சோதித்துப் பார்க்குமா என்றால், ஒப்பந்தத்தில் அதற்கு இடமே இல்லை.

காய்ச்சலில் துவளும் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்கு ஓடும் தாய், இரண்டு தெர்மாமீட்டர்களில் எதை எடுப்பாள்? மருத்துவர்களின் முத்திரை உள்ளதைத்தான். அந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு மருத்துவரும் இல்லை, ஒரு சோதனையும் இல்லை என்பது அவளுக்குத் தெரிய வழியில்லை. நாடெங்கும் மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’ தலையங்கம் எழுதிக் கண்டித்தது. பத்து நாளுக்குள் சங்கத்தின் அறங்காவலர் குழு பின்வாங்கியது. ராயல்டி வேண்டாம், பரிந்துரை என்ற பேச்சையும் எடுத்துவிடலாம் என்று சன்பீமிடம் கேட்டுப் பார்த்தது. நிறுவனம் மறுத்தது. 2 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கோரி நீதிமன்றம் போனது. செப்டம்பரில் சங்கத்தின் உயர் அதிகாரிகள் மூவர் வெளியேறினார்கள். டிசம்பரில் தலைமை நிர்வாகி ஜான் சீவர்ட் பதவி விலகினார். 1998-ல் 99 லட்சம் டாலர் கொடுத்துச் சங்கம் வழக்கை முடித்துக்கொண்டது.

சீவர்ட் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு நகரில் குடும்ப மருத்துவராக இருந்தவர். சங்கத்தின் அறங்காவலராகப் பணியாற்றி, அங்கிருந்து நிர்வாகப் பொறுப்புக்கு வந்தவர். வெளியிலிருந்து வந்த வணிகர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்த ஒருவரின் நிர்வாகத்தில் எப்படி அப்படியொரு ஒப்பந்தம் கையெழுத்தாக முடிந்தது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு விடை தேட, முதலில் அந்தப் பதவி என்ன என்பதைப் பார்க்க வேண்டும்.

நம் ஊர்ச் சங்கங்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரையும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். வேலை பெரும்பாலும் செயலாளர் தலையில் விழுகிறது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தில் அமைப்பு வேறு. மாநிலச் சங்கங்களும் சிறப்பு மருத்துவத் துறைகளின் சங்கங்களும் அனுப்பும் பிரதிநிதிகளின் அவை ஆண்டுக்கு இருமுறை கூடிக் கொள்கைகளை வகுக்கிறது. அந்த அவை தேர்ந்தெடுக்கும் அறங்காவலர் குழு இடைக்காலத்தில் சங்கத்தை ஆள்கிறது. தலைவர் ஒரே ஒரு ஆண்டுதான் பதவியில் இருப்பார். மேடையில் பேசுவதும் தொலைக்காட்சியில் தோன்றுவதும் அவர் வேலை. ஊதியம் பெறும் தலைமை நிர்வாகியைத் தேர்தல் தருவதில்லை. அறங்காவலர் குழுதான் அவரை நியமிக்கிறது. நீண்டகாலம் அந்தப் பதவிக்கு ‘நிர்வாகத் துணைத் தலைவர்’ என்று பெயர். பெயரைப் பார்த்தால் இரண்டாம் இடம்போலத் தோன்றும். ஆனால் தலைவர்கள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்க, இவர் பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட நிலைத்திருப்பார். ஊழியர்கள் அனைவரும் இவருக்குக் கீழே. வரவு செலவு இவர் மேசையில். சங்கத்தின் பெயரில் ஒப்பந்தம் போடும் கை நடைமுறையில் இவருடைய நிர்வாகத்தின் கை.

சன்பீம் விவகாரத்தில் கோளாறு நேர்ந்த இடம் அந்தக் கைதான். ஒப்பந்தத்தின் விதிகளை அறங்காவலர் குழு முன்கூட்டியே படித்து ஒப்புதல் தந்திருக்கவில்லை. ஊழியர்கள் பேசி முடித்து, கையெழுத்திட்டு, அறிவித்துவிட்டார்கள். பிரதிநிதிகள் அவைக்கோ சந்தா கட்டிய உறுப்பினருக்கோ அது செய்தித்தாள் செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது.

இதில் எனக்குத் தாங்க முடியாத வேதனை தருவது, முத்திரை என்ற சொல்லுக்கு இதே சங்கம் ஒருகாலத்தில் கொடுத்திருந்த பொருள். 1847-ல் ஃபிலடெல்ஃபியாவில் சங்கம் பிறந்தபோதே ஒழுக்க நெறிகளையும் வகுத்துக்கொண்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விற்கப்படும் மருந்துகளோடு மருத்துவருக்குத் தொடர்பு கூடாது என்பது அதில் ஒன்று. அந்த நெறி ஏட்டில் இருக்க, மருத்துவ இதழ்கள் அதே மருந்துகளின் விளம்பரப் பணத்தில் பிழைத்துக்கொண்டிருந்தன. 1905-ல் சங்கம் மருந்தியல், வேதியியல் அவை ஒன்றை அமைத்தது. அடுத்த ஆண்டு சொந்தமாக ஒரு வேதியியல் ஆய்வகத்தையே நிறுவியது. புட்டியில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்த பிறகே அந்த மருந்துக்குச் சங்கத்தின் இதழில் இடம். புற்றுநோயைக் குணமாக்கும், காசநோயைத் துரத்தும் என்று விற்கப்பட்ட புட்டிகளில் வெறும் சாராயமும் சர்க்கரைப் பாகும் இருந்ததை அந்த ஆய்வகம் ஊரறியச் சொன்னது. போலி மருந்துகளை விசாரிப்பதற்கென்று சங்கம் வைத்திருந்த துறையை ஆர்தர் கிராம்ப் என்ற மருத்துவர் பல பத்தாண்டுகள் நடத்தினார். அவருடைய மகள் ஒரு போலி வைத்தியரின் சிகிச்சையில் இறந்துபோனவள். அந்தத் துறைக்கு நாடு முழுவதிலுமிருந்து பொதுமக்கள் கடிதம் எழுதினார்கள்: இந்த மருந்தை வாங்கலாமா, இந்த வைத்தியரை நம்பலாமா என்று. அந்தக் கடிதங்களுக்குப் பதில் போனது. பிறகு வந்த ‘ஏற்பு முத்திரை’ அந்த உழைப்பின் மேல் நின்றது. 1955-ல் சங்கம் அந்த ஏற்பு முறையைக் கைவிட்டது. அதன்பின் இதழின் மருந்து விளம்பர வருவாய் ஏறியது. 1997-ல் சன்பீமுக்கு விற்ற சின்னத்தின் மதிப்பு கிராம்ப் போன்றவர்கள் சேர்த்துவைத்த சொத்து. அதைச் சேர்க்காதவர்கள் அதை விற்றார்கள்.

அதற்கு முன்பும் ஒரு கையெழுத்து உண்டு. அதன் விளைவு சன்பீமைவிட மிகப் பெரியது, ஆனால் அன்று யாரும் அதற்காகப் பதவி இழக்கவில்லை. 1964 ஜனவரி 11 அன்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் லூதர் டெர்ரி, சிகரெட் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்ற அறிக்கையை வெளியிட்டார். பங்குச் சந்தை குலையக்கூடாது என்று சனிக்கிழமையாகப் பார்த்து வெளியிட்ட அறிக்கை அது. சில வாரங்களில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்வு நிதியம் புகையிலை நிறுவனங்களிடமிருந்து 1 கோடி டாலரைப் பெற ஒப்புக்கொண்டது. புகைப்பதால் வரும் கேட்டை மேலும் ஆராய்வதற்காம். அரசின் அறிக்கை சொன்ன பிறகு எதை மேலும் ஆராய வேண்டும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதே ஆண்டு பிப்ரவரி 28 அன்று சங்கத்தின் நிர்வாகத் துணைத் தலைவர் பிளாசிங்கேம், கூட்டரசின் வணிக ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். சிகரெட் பெட்டிகளில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்ற ஆணையத்தின் யோசனையை எதிர்த்து எழுதிய கடிதம். புகையிலையை நம்பியிருக்கும் பொருளாதாரத்தைப் பற்றி அதில் கவலை இருந்தது. நாட்டின் மிகப் பெரிய மருத்துவர் அமைப்பின் கடிதத்தாளில் அது போனது.

ஏன் எழுதினார்? தனிப்பட்ட பேராசை என்று சொல்ல ஆதாரம் இல்லை, நான் அப்படி நினைக்கவும் இல்லை. அன்று சங்கத்தின் முதல் போராட்டம், முதியோருக்கு அரசே மருத்துவச் செலவைக் காப்பீடு செய்யும் மெடிகேர் திட்டத்தைத் தடுப்பது. அதற்கு நாடாளுமன்றத்தில் வாக்குகள் வேண்டும். புகையிலை விளையும் தென்மாநிலங்களின் உறுப்பினர்கள் செல்வாக்கான குழுக்களில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டு அப்போதே பலர் பேசினார்கள். உறுப்பினர்களின் வருமானத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்ட ஒரு நிர்வாகி, அதற்காக மருத்துவம் என்ற தொழிலின் வாக்கையே அடகு வைத்தார். மெடிகேர் 1965-ல் சட்டமானது. புகைப்பதால் இறப்பவர்களின் கணக்கு இன்னும் முடியவில்லை. சங்கம் தன் புகையிலை ஆய்வின் இறுதி அறிக்கையை வெளியிட்டபோது 1978 ஆகியிருந்தது.

இத்தகைய நிர்வாகி உறுப்பினர்களுக்காகப் போராடவே கூடாது என்று சொல்கிறேனா? இல்லை. அதற்கு ஓர் எதிர்க்கதை பிரிட்டனில் இருக்கிறது. அதன் நாயகன் சார்லஸ் ஹில். 1944-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் செயலாளரானவர். ஊதியம் பெறும் முழுநேரப் பதவி. அதற்கு முன்பே நாடு முழுவதும் அவர் குரலை அறிந்திருந்தது. போர்க்காலத்தில் பிபிசியின் காலைச் சமையல் நிகழ்ச்சியில் ‘ரேடியோ டாக்டர்’ என்ற பெயரில் மலச்சிக்கலைப் பற்றியும் முட்டைக்கோஸைப் பற்றியும் பேசியவர் அவர். மருத்துவர் தம்மை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது என்ற தொழில் நெறிக்குக் கட்டுப்பட்டுத்தான் அவர் பெயர் சொல்லப்படவில்லை. ஒரு மருத்துவரின் பெயரே வானொலியில் வரக்கூடாது என்று இருந்த காலம் அது. சன்பீம் பெட்டியை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் மனம் கனக்கிறது.

    

1946-ல் தேசிய சுகாதாரச் சேவைச் சட்டம் நிறைவேறியது. அமைச்சர் அனைரின் பெவன். மருத்துவர்களை மாதச் சம்பள அரசு ஊழியர்களாக்கிவிடுவார்கள் என்ற அச்சம் சங்கத்தில் தீயாகப் பரவியது. ஹில் அந்தத் தீயை அணைக்கவில்லை, ஊதினார். பேச்சில் பெவனுக்கு ஈடுகொடுக்கக்கூடிய வெகு சிலரில் அவரும் ஒருவர். சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கவிருந்தது. பிப்ரவரியில் சங்கம் எல்லா மருத்துவர்களிடமும் வாக்கெடுத்தது. சட்டத்தை ஏற்காதோர் 40,814 பேர், ஏற்போர் 4,735 பேர். இந்த எண்களைக் கையில் வைத்திருக்கும் எந்த நிர்வாகியும் தான் வென்றுவிட்டதாக நினைப்பான். ஆனால் சங்கம் ஓர் அளவுகோலைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டிருந்தது. சேவையைப் புறக்கணிக்கச் சொல்ல வேண்டுமானால், பொது மருத்துவர்களில் சுமார் 13,000 பேராவது எதிர்ப்பில் நிற்க வேண்டும்.

ஏப்ரல் 7 அன்று பெவன் இறங்கி வந்தார். புதிய சட்டம் இயற்றாமல் முழுச் சம்பள முறையைப் புகுத்த மாட்டோம் என்று வாக்களித்தார். அரச மருத்துவர் கல்லூரியின் தலைவர் லார்ட் மோரன் நடுவில் நின்று வழி தேடிக் கொடுத்தார். சங்கம் மறுபடியும் வாக்கெடுத்தது. இம்முறை ஏற்காதோர் 25,842, ஏற்போர் 14,620. எதிர்ப்பே இன்னும் பெரும்பான்மை. ஆனால் பொது மருத்துவர்களின் எதிர்ப்பு அந்த 13,000-ஐ எட்டவில்லை. சங்கம் உறுப்பினர்களிடம் சேவையில் சேரச் சொன்னது. ஜூலை 5 அன்று சேவை தொடங்கியது.

ஹில் எதிர்த்தது தவறு என்றுதான் வரலாறு தீர்ப்பளித்திருக்கிறது. நானும் அப்படியே நினைக்கிறேன். காசில்லாதவர் மருத்துவரிடம் போக அஞ்சிய ஒரு நாட்டில் அந்தச் சேவை எத்தனை உயிர்களைக் காத்தது! இருந்தும் அவர் நடந்துகொண்ட முறையில் ஒரு நேர்மை இருக்கிறது. அவருடைய போராட்டத்தின் ஒவ்வொரு படியிலும் உறுப்பினர்களின் வாக்கு இருந்தது. எந்த எண்ணுக்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது. அந்த எண் வந்தபோது நிறுத்தப்பட்டது. தவறான நோக்கத்தைக்கூட உறுப்பினர்களின் கடிவாளம் ஓரளவு திருத்திவிட முடியும் என்பதை 1948 காட்டுகிறது. 1964-ல் பிளாசிங்கேம் எழுதிய கடிதத்தின் மேல், 1997-ல் சீவர்டின் நிர்வாகம் போட்ட ஒப்பந்தத்தின் மேல், அத்தகைய கடிவாளம் எதுவும் இருக்கவில்லை.

அந்தக் கடிவாளம் எப்படி அறுந்தது? அதற்குப் பணத்தின் பாதையைப் பின்தொடர வேண்டும். 1950-களில் அமெரிக்க மருத்துவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் சங்கத்தில் இருந்தார்கள். இன்று நான்கில் ஒருவர்கூட இல்லை. இதயநோய் மருத்துவர்களுக்கு ஒரு கல்லூரி, எலும்பு மருத்துவர்களுக்கு ஒரு அகாடமி என்று துறைவாரிச் சங்கங்கள் வலுத்தன. மருத்துவர்கள் பலர் சொந்தமாகத் தொழில் நடத்துவதை விட்டு மருத்துவமனை ஊழியர்களானார்கள். பொதுச் சங்கத்துக்குச் சந்தா கட்டுவதில் என்ன பயன் என்று கேட்டார்கள். சந்தா குறைந்தால் சங்கம் சுருங்க வேண்டும். அது சுருங்கவில்லை.

சுருங்காததற்குக் காரணம், 1966-ல் சங்கம் வெளியிட்ட ஒரு சிறு குறியீட்டு நூல். மருத்துவர் செய்யும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஓர் எண். காயத்துக்குத் தையல் போட்டால் ஓர் எண், கருப்பையை அகற்றினால் வேறோர் எண். 1983-ல் அரசு மெடிகேர் கட்டண ரசீதுகளுக்கு இந்தக் குறியீட்டையே ஏற்றுக்கொண்டது. அதன்பின் தனியார் காப்பீட்டு நிறுவனங்களும் அதே வழிக்கு வந்தன. அமெரிக்காவில் எந்த மூலையில் ஒரு மருத்துவர் ரசீது எழுதினாலும் சங்கத்தின் எண்ணைத்தான் எழுத வேண்டும். எண்களின் பதிப்புரிமை சங்கத்துடையது. சங்கத்தில் சேரவே மாட்டேன் என்று வீம்பாக இருக்கும் மருத்துவரின் மருத்துவமனையும் அந்த உரிமத்துக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும். சங்கத்தின் மொத்த வருவாயில் சந்தா இன்று பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. வேறெந்தக் குறியீட்டையும் பயன்படுத்தக் கூடாது என்று அரசைக் கட்டுப்படுத்திய நிபந்தனை பதிப்புரிமையின் தவறான பயன்பாடு என்று ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பும் 1997-ல்தான் வந்தது.

ஆக, உறுப்பினர்கள் போனாலும் சங்கத்தின் வீடு இடியாது. இது ஒரு நிர்வாகிக்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். ஹில்லுக்கு உறுப்பினர்களின் கோபம் என்பது நாளைய சந்தா. சிகாகோவிலுள்ள அமெரிக்கச் சங்கத் தலைமையகத்தில் அமர்ந்திருப்பவருக்கு அது ஒரு பழைய வருமானத்தின் சிறு பகுதி. யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வியே அங்கே மங்கிவிடுகிறது. வருவாய் தேடுவது வேலை, தேடிய வருவாய் வெற்றி. அந்த மனநிலையில் பார்த்தால், சும்மா கிடக்கும் ஒரு சின்னத்தை ஒத்தடப் பட்டையில் அச்சிட்டுக் காசாக்குவது புத்திசாலித்தனமாகவே தோன்றியிருக்கும். சீவர்டைப் பற்றிய என் கேள்விக்குக் கிடைக்கும் விடை இதுதான். அவர் கெட்டவராக இருக்கத் தேவை இல்லாமல் போயிற்று.

சீவர்டுக்குப் பின் வந்தவர் ராட்கிளிஃப் ஆண்டர்சன். அமெரிக்க விமானப்படையின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தவர். கலைந்து கிடந்த வீட்டை ஒழுங்குபடுத்தும் கண்டிப்பான கை என்று எதிர்பார்த்திருப்பார்கள். 1999 ஜனவரி 15 அன்று அந்தக் கை சங்கத்தின் இதழான ‘ஜாமா’வின் ஆசிரியர் ஜார்ஜ் லண்ட்பெர்க்கைப் பதவி நீக்கியது. லண்ட்பெர்க் 17 ஆண்டுகள் ஆசிரியராக இருந்து, அந்த இதழை உலகின் முதல் வரிசைக்குக் கொண்டுவந்தவர். காரணம் ஓர் ஆய்வுக் குறிப்பு. 1991-ல் ஒரு பல்கலைக்கழகத்தின் 599 மாணவர்களிடம், எதையெதை ‘உடலுறவு’ என்று சொல்வீர்கள் எனக் கேட்ட ஆய்வு. வாய்வழிப் புணர்ச்சியை அப்படிச் சொல்ல மாட்டோம் என்று ஐந்தில் மூன்று பேர் பதில் சொல்லியிருந்தார்கள். அப்போது மேலவையில் அதிபர் கிளின்டன் மீதான விசாரணை நடந்துகொண்டிருந்தது, அங்கும் இதே சொல்லின் பொருள்தான் வழக்கு. லண்ட்பெர்க் இதழை அரசியல் சண்டைக்குள் இழுத்துவிட்டார் என்றார் ஆண்டர்சன்.

நேரம் பார்த்து வெளியிட்டதில் ஆசிரியருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கலாம். இருக்கட்டும். நிர்வாகி நினைத்த கணத்தில் ஆசிரியரை வெளியே தள்ளலாம் என்றால், அடுத்த நாள் அந்த இதழில் வரும் எந்த மருந்தாய்வையும் நம்ப ஒரு மருத்துவருக்கு என்ன ஆதாரம்? உலகெங்கும் இதழாசிரியர்கள் கண்டித்தார்கள். இங்கேதான் சங்கம் பாடம் கற்றது. அந்த ஆண்டே ஏழு பேர் கொண்ட இதழ் மேற்பார்வைக் குழு ஒன்று அமைந்தது. சங்க நிர்வாகத்தின் ஆட்கள் அதில் சிறுபான்மை. ஆசிரியரை மதிப்பிடுவதும் நியமனம், நீக்கம் பற்றிப் பரிந்துரைப்பதும் இனி அந்தக் குழுவின் வேலை. இதழில் என்ன வரலாம் என்பதில் தலைமை நிர்வாகிக்கு வாய் கிடையாது. அதன்படி வந்த கேத்தரின் டி ஏஞ்சலிஸ், அந்த இதழின் முதல் பெண் ஆசிரியர். ஆண்டர்சனோ 2000-ல் தன் அதிகார எல்லை பற்றி அறங்காவலர்களோடு மோதி, சங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்து, பதவியையும் இழந்தார். மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு தலைமை நிர்வாகிகள் போயிருந்தார்கள்.

அந்த மேற்பார்வைக் குழு வெறும் அலங்காரமா என்பது 22 ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. 2021 பிப்ரவரியில் ஜாமாவின் ஒலிபரப்பு ஒன்றும் அதற்கான ட்விட்டர் பதிவும், மருத்துவர் எவரும் இனவெறியர் அல்லர், பிறகு மருத்துவத்தில் இனப் பாகுபாடு எப்படி இருக்க முடியும் என்ற தொனியில் வெளியாயின. கறுப்பின மருத்துவர்களைத் தலைமுறைக் கணக்கில் வெளியே நிறுத்தி வைத்ததற்காக 2008-ல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்ட சங்கம் இது. காயம் எவ்வளவு ஆழமாகப் பட்டிருக்கும்! அப்போதைய தலைமை நிர்வாகி ஜேம்ஸ் மடாரா தன் கோபத்தை அறிக்கையாகச் சொன்னார். ஆசிரியர் ஹோவர்ட் பாக்னரைத் தானே நீக்கவில்லை. குழு விசாரித்தது, ஆசிரியரை விடுப்பில் வைத்தது. ஜூன் 30-ல் அவர் பதவியிலிருந்து இறங்கினார். முடிவு 1999-ஐப் போலவே ஓர் ஆசிரியரின் விலகல்தான். ஆனால் இந்த முறை இதழின் நம்பகத்தன்மை குலையவில்லை. மடாரா 2011 முதல் 2025 வரை நீடித்தார். பல சாதனைகளை அவர் கணக்கில் எழுதுவார்கள். கை வைக்கும் உரிமை தனக்கில்லாத இடத்தில் கை வைக்காமல் நின்றதை நான் முதலில் எழுதுவேன்.

இந்தியாவுக்கு வருவோம். இந்திய மருத்துவச் சங்கம் 1928-ல் கல்கத்தாவில் உருவானது. அதற்கு ஊதியம் பெறும் தலைமை நிர்வாகி இல்லை. தலைவர் ஓராண்டுக்கு. அலுவலகத்தை நடத்துபவர் கௌரவப் பொதுச் செயலாளர், அவரும் தொழில் செய்யும் மருத்துவரே. கிளை அளவில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்: மாலை ஓபி முடிந்து, கடைசி நோயாளி போன பிறகு, கிளினிக் மேசையிலேயே சங்கத்தின் கோப்புகளில் கையெழுத்துப் போடும் செயலாளர்கள்தாம் இந்தச் சங்கத்தைத் தாங்குகிறார்கள். இதில் ஓர் அழகு உண்டு. ஆபத்தும் உண்டு. ஒப்பந்த வரைவை வரிவரியாகப் படிக்க நேரமும் ஆளும் இல்லாத இடத்தில், பெரிய நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுதியதுதான் ஒப்பந்தம்.

2008-ல் பெப்சிகோ நிறுவனத்தின் பழச்சாறுக்கும் ஓட்ஸுக்கும் இந்திய மருத்துவச் சங்கம் தன் பெயரைக் கொடுத்தது. கேரள மருத்துவர் ஒருவர் புகார் செய்தார். சங்கத்துக்குள்ளிருந்தே எழுந்த குரல் அது. 2009 டிசம்பரில் இந்திய மருத்துவக் கவுன்சில் தன் ஒழுக்க விதிகளைத் திருத்தியது: மருத்துவர்களும் மருத்துவர்களின் தொழில்முறைச் சங்கங்களும் மருந்து நிறுவனங்களோடும் சுகாதாரப் பொருள் நிறுவனங்களோடும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு புதிய பிரிவு. மருத்துவர் எந்தப் பொருளையும் பொதுவெளியில் பரிந்துரைக்கக் கூடாது என்பது அதில் உண்டு. 2010 நவம்பரில் சங்கத்தின் தலைவர், செயலாளர் இருவரின் பதிவையும் ஆறு மாதம் நிறுத்திவைக்க கவுன்சில் முடிவெடுத்தது. கையெழுத்துக்குப் பொறுப்பு கையெழுத்திட்டவருடையது என்று ஒரு நாட்டின் மருத்துவ நெறிமுறை அமைப்பே சொன்னது. அமெரிக்காவில்கூட அது நடக்கவில்லை. சீவர்ட் பதவியைத்தான் இழந்தார், மருத்துவப் பதிவை அல்ல.

ஆனால் அந்தத் துணிவு நீடிக்கவில்லை. சங்கங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டா, அது தனி மருத்துவர்களுக்கு மட்டும்தானா என்ற கேள்வி கிளம்பியது. 2016 பிப்ரவரியில் வெளியான அரசிதழ் அறிவிக்கையில் அந்தப் பிரிவின் தலைப்பிலிருந்து ‘மருத்துவர்களின் தொழில்முறைச் சங்கங்கள்’ என்ற சொற்கள் மட்டும் எடுக்கப்பட்டன. 2020-ல் கவுன்சிலே போய் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. 2023 ஆகஸ்டில் ஆணையம் கொண்டுவந்த புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன, பழைய விதிகளே திரும்பின. சொற்கள் எடுக்கப்பட்ட அதே வடிவில்.

இன்று கோவில்பட்டியில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு மருத்துவர், தன் வரவேற்பறையில் ஒரு சத்துமாவுக்குத் தன் பெயரால் பரிந்துரை எழுதி ஒட்டினால் அது விதிமீறல். அவர் பதிவுக்கே ஆபத்து. லட்சக்கணக்கான மருத்துவர்களின் பெயரைத் தாங்கிய சங்கம் அதையே செய்தால், அந்தப் பிரிவு அதைத் தொடாது. வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வண்ணப்பூச்சு ஒன்றின் விளம்பரத்தில் சங்கத்தின் பரிந்துரையைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். அந்தப் பூச்சு நல்லதாகவே இருக்கலாம். அந்த ஒப்பந்தத்துக்கு முன் எத்தனை கிளைகளின் பொதுக்குழு கூடியது, எத்தனை கைகள் உயர்ந்தன என்று கேட்கும் உரிமை சந்தா கட்டிய ஒவ்வொரு உறுப்பினருக்கும் இருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில், வரவு செலவு வாசிக்கும் நேரத்தில், யாராவது ஒருவர் எழுந்து அதைக் கேட்கலாம்.